டிவி ஹெட்போனில் பாட்டு கேட்கிறது, பேச்சு கேட்கவில்லை. அவசரம்!

வார்டு_வேலு:
எங்கள் நர்சிங் ஹோம் வார்டில் டிவி சத்தத்தால் தினமும் சண்டை. அதனால் கட்டிலுக்குக் கட்டில் ஹெட்போன் வயர் இழுத்துக் கொடுத்தேன். நேற்று வரை ஓடியது. இன்று காலையிலிருந்து சில கட்டில்களில் சீரியலின் பின்னணி இசை மட்டும் வருகிறது, யார் பேசுவதும் கேட்கவில்லை. ஹெட்போனை மாற்றியும் பார்த்துவிட்டேன். சாயங்காலம் டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்குள் சரிசெய்ய வேண்டும்.

கொரட்டூர்_ஆடியோ:
எத்தனை கட்டில்? வயர் டிவியின் ஹெட்போன் ஜாக்கிலிருந்து போகிறதா, செட்டாப் பாக்ஸின் சிவப்பு-வெள்ளை ஆடியோ துளைகளிலிருந்தா? நடுவில் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) உண்டா?

சவுண்டு_பார்ட்டி:
செட்டாப் பாக்ஸ் டால்பி 5.1-க்கு, அதாவது பல ஸ்பீக்கருக்கான ஒலிக்கு, மாறியிருக்கும். வசனம் நடு ஸ்பீக்கருக்குப் போய்விடும். ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். என் வீட்டில் இதே கதைதான்.

வார்டு_வேலு:
6 கட்டில். டிவி ஜாக்கிலிருந்துதான். ஆம்ப் இல்லை. ஸ்டீரியோ வைத்துப் பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது.

ஈயப்பற்று:
தம்பி, ஓம் விதி நடத்திய அன்று லீவு போட்டீர்களா? 32 ஓம் ஹெட்போன் ஆறை இணையாகப் போட்டால் 5 ஓம் சொச்சம். அந்த ஜாக் ஒரு ஆளுக்கு வைத்தது. சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போய் ஹெட்போன் ஆம்ப் வாங்கிக்கொண்டு வந்து பேசவும். இதை எத்தனை தடவைதான் எழுதுவது.

அம்பத்தூர்_லதா:
ஆம்ப் இல்லாவிட்டால் எல்லாமே சன்னமாகக் கேட்கும் சார். பேச்சு மட்டும் ஏன் காணாமல் போகிறது? வேலு, எந்தெந்தக் கட்டில்? செய்தி சேனல் வைத்தால் என்ன வருகிறது?

நீலப்பல்:
இந்தக் காலத்தில் வயர் எதற்கு? ஆளுக்கு ஒரு புளூடூத் கொடுத்தால் முடிந்தது.

கொரட்டூர்_ஆடியோ:
பல டிவிகள் ஒரே ஒரு புளூடூத் ஹெட்போனோடுதான் சேரும். ஆறு பேருக்கு எங்கே போவது? தினமும் சார்ஜ் போடுவது யார், சிஸ்டரா?

நீலப்பல்:
டிரான்ஸ்மிட்டர் கிடைக்கிறது, தேடிப் பாருங்கள்.

கொரட்டூர்_ஆடியோ:
பார்த்தாயிற்று. வாய் அசைந்த பிறகு வசனம் வரும்.

சிஸ்டர்_மா:
உங்கள் சண்டைக்கு நடுவில் ஒன்று சொல்கிறேன். ஒரே ஹெட்போனை அடுத்த பேஷண்டுக்கு மாட்டிவிடாதீர்கள். விலை குறைந்த இயர்போனை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து, டிஸ்சார்ஜ் ஆகும்போது அவர்களையே எடுத்துப் போகச் சொல்லுங்கள். அப்புறம், ரிமோட் எப்போதும் அட்டெண்டர் கையில்தான். படுத்திருப்பவர் கேட்டது எதுவும் ஓடாது, அதற்கு எந்த வயரும் உதவாது.

சவுண்டு_பார்ட்டி:
எங்கள் அப்பா அட்மிட் ஆகியிருந்தபோது பக்கத்துக் கட்டில் மாமிதான் ரிமோட் மந்திரி!

வார்டு_வேலு:
லதா மேடம், 4, 5, 6-வது கட்டில்கள். செய்தி வைத்தால் ஒன்றுமே கேட்கவில்லை. 1, 2, 3 நன்றாக இருக்கிறது. கட்டிலுக்கு ஒரு ஜாக் பெட்டி, வயர் ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு என்று வரிசையாகப் போகிறது.

அம்பத்தூர்_லதா:
அப்படியானால் 3-க்கும் 4-க்கும் நடுவில் கிரவுண்டு, அதாவது இரண்டு காதுக்கும் பொதுவான கம்பி, அறுந்திருக்கிறது. அது போய்விட்டால் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் காதுக்கு வரும். பேச்சு இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருப்பதால் கழிந்துவிடும். இசையில் பக்கத்துக்குப் பக்கம் மாறுவது மட்டும் மிஞ்சும். செய்தி வாசிப்பதில் வித்தியாசமே இல்லை, அதனால் மௌனம். டிவியிலிருந்து பிளக்கை உருவிவிட்டு, 3-வது பெட்டியின் கிரவுண்டுக்கும் 4-வது பெட்டியின் கிரவுண்டுக்கும் மல்டிமீட்டரில் பீப் வருகிறதா என்று பாருங்கள், வராவிட்டால் அறுந்திருக்கிறது.

ஈயப்பற்று:
நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்.

கொரட்டூர்_ஆடியோ:
நீங்கள் சொன்னது ஓம் விதி சார்.

ஈயப்பற்று:
ஆம்ப் இல்லாதது தப்புதான், அதை மாற்றிக்கொள்ள மாட்டேன். இன்னொன்று: யாராவது பழைய மோனோ (ஒற்றைச் சேனல்) பிளக்கைச் செருகினால் வலது சேனல் கிரவுண்டோடு ஷார்ட் ஆகி எல்லாருக்கும் ஒரு காது போய்விடும். அதைத் தடுக்க, ஆம்ப் போட்ட பிறகு கட்டிலுக்கு இரண்டு 33 ஓம் ரெசிஸ்டர், சேனலுக்கு ஒன்றாக வையுங்கள்.

அம்பத்தூர்_லதா:
இது நியாயம். கரன்ட் வயர் போகும் பைப்பிலேயே இந்த வயரையும் விட்டிருந்தால் தனியாகப் பிரித்துவிடுங்கள், இரைச்சல் வரும்.

வார்டு_வேலு:
3-வது பெட்டியில் கிரவுண்டான ஷீல்டு கம்பி அறுந்து கிடந்தது. கட்டிலைத் தள்ளும்போது இழுபட்டிருக்கிறது. பற்றவைத்தேன், பேசுகிறார்கள். நன்றி லதா மேடம். ரவுண்ட்ஸ் வந்துவிட்டது.

ஈயப்பற்று:
ஆம்ப்?

நீலப்பல்:
புளூடூத் போட்டிருந்தால் அறுந்திருக்காது.