அரை ஆயுட்காலத்துக்கு மாற்றாகச் செம்பாதிக்காலம்

நண்பர்களுக்கு வணக்கம்.

'அரை ஆயுட்காலம்' பாடப்புத்தகத்தில் நிலைத்துவிட்ட சொல், அதை ஏன் இப்போது கிளற வேண்டும் என்று அண்ணாச்சி முந்தைய மடலில் கேட்டிருந்தார். கதிரியக்கப் பொருள் ஒன்று சிதைந்து பாதியாகக் குறைய ஆகும் காலத்தைத்தான் (half-life) அப்படிச் சொல்கிறோம். தக்கலையில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். கதிரியக்கம் உள்ள கார்பன் வகையான கார்பன்-14இன் அரை ஆயுட்காலம் 5,730 ஆண்டு என்று சொன்னதும், "அப்போ முழு ஆயுள் 11,460தானே சார்?" என்று வருடந்தோறும் யாராவது கேட்டுவிடுகிறார்கள். பிள்ளைகள்மேல் குற்றமில்லை. சொல்லே அப்படித்தான் எண்ண வைக்கிறது.

உண்மையில் 11,460 ஆண்டில் கால் பங்கு மிச்சமிருக்கும். 17,190இல் அரைக்கால் (1/8), 22,920இல் வீசம் (1/16). அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாக இறங்கும் கணக்கு நம் பழைய வாய்பாட்டிலேயே இருக்கிறது!

வகுப்பில் நான் சொல்வது பாகப்பிரிவினைக் கதை. 8 ஏக்கர் தென்னந்தோப்பு, தலைமுறைக்கு இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பங்கு 4 ஏக்கர், பிறகு 2, 1, 50 சென்ட், 25 சென்ட். இன்று 25 சென்ட் வைத்திருப்பவரிடம் மூலப்பத்திரமும் இருந்தால் ஐந்து தலைமுறை கடந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். பழம்பொருளின் வயதைக் கார்பன்-14 வைத்துக் கணிப்பதும் இப்படித்தான். மரமோ விலங்கோ உயிரோடு இருக்கும்வரை கார்பன்-14 உள்ளே வந்துகொண்டே இருக்கும். செத்தபின் வரவு நின்று தேய்வு மட்டும் நடக்கும். உயிருள்ளவற்றில் இருக்கும் அளவுதான் நமக்கு மூலப்பத்திரம். ஒரு கரித்துண்டில் அதில் 74 விழுக்காடு மிஞ்சியிருந்தால் வயது ஏறக்குறைய 2,490 ஆண்டு. வளிமண்டல அளவு காலத்துக்குக் காலம் மாறியதால் அப்புறம் ஒரு திருத்தமும் தேவைப்படும். இந்த முறையை உருவாக்கிய அமெரிக்க வேதியியலாளர் லிபி 1949இல் அதைச் சோதித்ததும் வயது ஏற்கெனவே தெரிந்த எகிப்தியக் கல்லறை மரத்துண்டுகளை வைத்துத்தான்.

தோரியத்தைப் பாருங்கள். நம் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமத்தில் கிடக்கும் கதிரியக்கத் தனிமமான தோரியம்-232 பாதியாக 1,405 கோடி ஆண்டு ஆகும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடிதான். அந்தத் தோரியத்துக்குப் போய் 'அரை ஆயுள்' என்றால் என்ன விளங்கும்?

என் பரிந்துரை 'செம்பாதிக்காலம்'. இருப்பது சரிபாதியாக ஆகும் காலம், அவ்வளவுதான். 'அரைத்தேய்வுக்காலம்' என்றும் யோசித்தேன். அம்மியில் அரைத்தது போலக் காதில் விழுகிறது. 'பாதிக்காலம்' என்றால் நேரத்தில் பாதி என்று எடுத்துக்கொள்வார்கள். செம்பாதி நம் வீடுகளில் தேங்காயைப் பங்கிடும்போதே புழங்கும் சொல், விளக்கம் தேவைப்படாது. தேர்வு எழுதும் பிள்ளைகளுக்காகச் சில காலம் பழைய சொல்லையும் பக்கத்திலேயே போடலாம்.

'சராசரி ஆயுட்காலம்' என்பதை மட்டும் தொட வேண்டாம். தனித்தனி அணுக்கள் சிதையாமல் இருந்த காலங்களின் சராசரி அது, கார்பன்-14க்கு சுமார் 8,270 ஆண்டு. அங்கே ஆயுள் என்பது பொருந்துகிறது.

அடுத்து, இப்படிப் பாதி பாதியாகக் குறைவதைக் குறிக்கும் 'அடுக்குக்குறிச் சிதைவு' (exponential decay) என்ற சொல். அது சூத்திரம் எழுதும் விதத்தைச் சொல்கிறதே தவிர, நடப்பதைச் சொல்லவில்லை. எவ்வளவு மிச்சமோ அதே விகிதத்தில் குறைவதால் 'விகிதத் தேய்வு' எனலாமா? இயற்பியல் ஆசிரியர்கள் யாராவது வகுப்பில் சொல்லிப் பார்த்து, பிள்ளைகள் எந்த இடத்தில் தடுமாறினார்கள் என்று எழுதுங்கள்.