சிமென்ட் தரையில் எஞ்சினியர்டு மரப்பலகை ஒட்டலாமா?

கேள்வி:
சென்னையில் எங்கள் வீட்டின் தரைத்தளப் படுக்கையறையில், 14 மி.மீ. தடிமனுள்ள எஞ்சினியர்டு மரப்பலகைகளை (அடுக்கு மரத்தின்மேல் அசல் மர ஏடு ஒட்டியவை) சிமென்ட் தரைமீது நேரடியாகப் பசையால் ஒட்ட எண்ணியுள்ளேன். மழைக்காலத்தில் சுவரோரம் லேசாக ஈரம் தெரிகிறது. வேலையைத் தொடங்கலாமா?

மறுமொழி:
இப்போதைக்குத் தொடங்க வேண்டாம், ஐயா. ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். அடியில் நீர்த்துளிகள் கோத்திருந்தாலோ, அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ, ஈரம் கீழிருந்து ஏறுகிறது என்று பொருள். அதைத் தடுக்காமல் எவ்வளவு விலையுயர்ந்த பசையைப் பூசினாலும் பலகையின் ஓரங்கள் நாளடைவில் மேலெழும்பும். கோடையில் பார்த்த ஒரு சோதனையை நம்பிவிடாதீர்கள்.

மறுமொழி:
மேலே சொன்னது முற்றிலும் சரி. ஈரம் தீர்ந்தபின் மட்டக்கோல் வைத்துப் பாருங்கள். 10 அடி நீளத்தில் 5 மி.மீ.க்கு மேல் பள்ளம் இருந்தால் நிரப்பிச் சமன்செய்யுங்கள், இல்லையேல் நடக்கும்போது அவ்விடம் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலிக்கும். பசையைப் பரப்ப, டப்பாவில் குறித்துள்ள பல்கரண்டியையே (ஓரத்தில் பற்கள் வெட்டிய கரண்டி) பயன்படுத்துங்கள். இடையிடையே ஒரு பலகையைப் பெயர்த்து, அடிப்புறம் முழுவதும் பசை படிந்துள்ளதா என்று பார்ப்பது அவசியம். பாலியூரித்தேன் பசை மேற்பரப்பில் பட்டால் உடனே துடைத்துவிடுங்கள். காய்ந்தபின் அகற்றுவது மிகக் கடினம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. சுவரை ஒட்டி இடைவெளி வேண்டுமா?

மறுமொழி:
கட்டாயம் வேண்டும். 10 முதல் 12 மி.மீ. வரை விடுங்கள், சுவரடியில் பொருத்தும் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மறைத்துவிடும்.