விளம்பர மிக்ஸிங் அறையில் பார்த்தது, இன்னும் மனதை விட்டுப் போகாதது: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

செவிமடல்

நான் உதவியாளனாக இருந்த காலம். 30 விநாடிப் படம். கடைசி ஷாட்டில் குரல் பொருளின் பெயரைச் சொல்லும், அதே இடத்தில் இசையில் பெரிய டிரம் அடி. ஏஜென்சி ஆட்கள், கிளையன்ட் எல்லாரும் பின்னால் சோபாவில். பெரிய ஸ்பீக்கரில் கேட்டு சரி சொல்லிவிட்டுக் கிளம்ப எழுந்தும் விட்டார்கள். மிக்ஸர் (குரல், இசை, மற்ற ஒலிகளைக் கலந்து சமன் செய்பவர்) மட்டும் சின்ன ஸ்பீக்கருக்கு மாற்றி, சத்தத்தைக் குறைத்து ஒரு தடவை ஓட்டினார். பெயர் ‘ம்’ என்று முடியும். அந்த ‘ம்’ காணோம். டிரம் விழுங்கிவிட்டது.

குரலை ஏற்றுவார் என்று நினைத்தேன். ஏற்றவில்லை. டிரம் அடியை மட்டும் இரண்டு ஃபிரேம் பின்னால் தள்ளினார். விநாடிக்கு 25 ஃபிரேம் கணக்கில் 80 மில்லி விநாடி. மறுபடி ஓட்டினார், ‘ம்’ வந்துவிட்டது. லோகோ விழுவதும் அடியும் பழையபடி ஒன்றாகவே தெரிந்தன. “இப்ப இன்னும் நல்லா இருக்கே, என்ன பண்ணீங்க?” என்றார் கிளையன்ட். மிக்ஸர் சிரித்துவிட்டு ஃபைலைச் சேமித்தார், அவ்வளவுதான். ஏன் சொல்லவில்லை என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

நடுநிசி கன்சோல்

செவிமடல் தம்பி, எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இசையமைப்பாளர் படத்தின் வெட்டைப் பார்த்து வைத்த அடி அது. அவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்க வேண்டும். ஸ்டெம்களை (இசையின் தனித்தனித் தடங்கள்) பிரித்துக் கொடுப்பது அளவு பார்க்கத்தான், இடம் மாற்ற அல்ல. ‘ம்’முக்கு வலு 300 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது தாழ்ந்த ஒலியில். டிரம்மில் அந்த இடத்தைக் கொஞ்சம் குறைத்திருந்தாலே போதும்.

என் அனுபவம் சின்னது. “குரலில் இன்னும் கொஞ்சம் புன்னகை வேண்டும்” என்றார் ஒரு கிளையன்ட். மிக்ஸர் எந்த பட்டனையும் தொடவில்லை. வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்த குரல் கலைஞரை மறுபடி உள்ளே கூப்பிட்டார்.

இந்த வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள், அதனால் சொல்கிறேன். நேராக மிக்ஸர் நாற்காலி கிடைக்காது. முதலில் எடுபிடி வேலை, ஃபைல் மாற்றுவது, பெயரிடுவது. பெயரிடுவதை லேசாக நினைக்காதீர்கள். ஒரே படத்துக்கு 30 விநாடி, 20, 10, இணையத்துக்கு 6, ஒவ்வொன்றும் குரலோடு, குரல் இல்லாமல், இசை தனியாக, எஃபெக்ட் (கதவு, காலடி மாதிரி ஒலிகள்) தனியாக. இதில் ஒன்று மாறிச் சேனலுக்குப் போனால் அந்த ஸ்டுடியோவுக்கு அடுத்த வேலை வராது. அப்புறம் குரல் பதிவு. அதற்கும் அப்புறம், மூத்தவர் 30 விநாடியை முடித்துவிட்டுப் போனதும் அதைக் குறுக்கிப் பத்தாக்கும் வேலை உங்களிடம் வரும். உண்மையான பயிற்சி அங்கேதான், ஏனென்றால் எதை விட்டால் படம் இன்னும் நிற்கும் என்று நீங்களே முடிவு செய்ய வேண்டும். ஏஜென்சியில் ஒருவர் ஸ்டுடியோ பெயரைச் சொல்லாமல் உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்கும் நாளில்தான் நீங்கள் மிக்ஸர்.

காதைப் பாருங்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் பாதுகாப்பு எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும்: 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு. கிளையன்ட் கேட்டால் சத்தமாக ஒரு தடவை ஓட்டுங்கள், உடனே இறக்குங்கள். சலிக்காமல் வருடா வருடம் காதைச் சோதித்துக்கொள்ளுங்கள். பிளகின் (ஒலி மென்பொருள்) வாங்கும் காசில் அதுவும் ஒரு செலவு.

செவிமடல்

அண்ணா, சின்ன ஸ்பீக்கரில் 300க்குக் கீழே எவ்வளவு வரும்? பெரிய ஸ்பீக்கரில் ‘ம்’ தெளிவாகவே கேட்டது. அங்கே மறைத்தது டிரம்மின் ஆழம் இல்லை, தோலில் குச்சி அறையும் அந்தச் ‘சடக்’. நீங்கள் சொன்ன இடத்தில் குறைத்திருந்தால் பெரிய ஸ்பீக்கரில் அடி மெலிந்திருக்கும், சின்னதில் ஒன்றும் மாறியிருக்காது. 80 மில்லி விநாடியும் கண்மூடித்தனம் இல்லை. ஒலி படத்தை முந்தினால் சுமார் 45இலேயே தெரிந்துவிடும், பிந்தினால் 125 வரை ஆள் கவனிப்பதில்லை என்று ஐடியூ (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) 1998 பரிந்துரையிலேயே இருக்கிறது. முன்னால் இழுக்காமல் பின்னால் தள்ளியது அதனால்தான். இசையமைப்பாளரிடம் கேட்டிருக்கலாம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

அலைநீளம்

எனக்குள் தங்கிவிட்டது ஒரு மூத்த மிக்ஸரின் முகம். இடைவேளையில் மற்ற விளம்பரங்களை அமுக்கிவிட்டுத் தன்னுடையது முன்னால் வந்து நிற்க வேண்டும் என்று லிமிட்டரால் (உச்ச சத்தத்தை எல்லைக்குள் பிடிக்கும் கருவி) ஒலியை நசுக்கி நசுக்கிப் பேர் வாங்கியவர். அப்புறம் 2010இல் ஆர் 128 என்ற ஐரோப்பிய ஒளிபரப்புப் பரிந்துரை வந்தது: நிகழ்ச்சியோ விளம்பரமோ, சராசரி சத்தம் ஒரே அளவு, மைனஸ் 23 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு). அமெரிக்காவில் இதே மாதிரி ஒரு கட்டுப்பாடு 2012 டிசம்பரில் சட்டமாகவே அமலுக்கு வந்தது. உங்களுக்குத் தெரிந்த கதைதான். எங்கள் சேனலும் மைனஸ் 23 கேட்க ஆரம்பித்தது.

அவருடைய பழைய படம் ஒன்றையும், நான் மூச்சு விட இடம் வைத்து மிக்ஸ் செய்த ஒன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து அடுத்தடுத்து ஓட்டினேன். நசுக்கியது உச்சம் என்று எதுவும் இல்லாமல் தட்டையாக, தூரத்தில் கேட்டது. என்னுடையதில் கதவு சாத்தும் சத்தம் நெஞ்சில் தட்டியது. அவர் திரையைப் பார்க்காமல், “எது என்னோடதும்மா?” என்றார். சொன்னேன். தானே மவுஸை வாங்கித் தன் டெம்ப்ளேட்டைத் திறந்து மாஸ்டரில் (எல்லா ஒலியும் சேரும் கடைசித் தடம்) இருந்த லிமிட்டர்களை ஒவ்வொன்றாக நீக்கினார். உச்சத்தைப் பிடிக்க ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். அந்த வயதில் அப்படிச் செய்ய எத்தனை பேருக்கு மனம் வரும்?

வரிக்காரர்

நான் எழுதுகிற பக்கம். மனதுக்குள் படித்தால் எந்த வரியும் 30 விநாடிக்குள் அடங்கிவிடும், வாய்விட்டுப் படித்தால் அடங்காது. அன்று என் வசனத்தோடு கடைசி நேரத்தில் நிபந்தனை வரிகளும் சேர்ந்துவிட்டன. வேகத்தைக் கூட்டி, மூச்சு இடைவெளியை எல்லாம் வெட்டி எப்படியோ அடக்கினார் மிக்ஸர். ஓட்டிக் காட்டிவிட்டு என் பக்கம் நாற்காலியைத் திருப்பி, “சார், இதுல என்ன சொல்றாங்கன்னு உங்களுக்குப் புரியுதா? பணம் கட்டப் போறவருக்குப் புரியணுமே” என்றார். கிளையன்ட் முன்னாலேயே கேட்டார். நிபந்தனையில் கை வைக்க முடியாது, அதனால் என் வசனத்தில் ஒரு வாக்கியத்தை எடுத்தேன். நிபந்தனை மனிதர் பேசுகிற வேகத்துக்கு வந்தது. அந்த அறையில் கேட்கப்போகிறவரைப் பற்றி நினைத்தவர் அவர் ஒருவர்தான்.

தனித்தடம்

விளம்பரத்தில் வேலை செய்தவர்கள் பெயர் போடமாட்டார்கள், அதைப் பற்றி யாரும் எழுதவில்லையே. கான் லயன்ஸ் மாதிரி விளம்பர விருதுக்கு அனுப்பினால் விண்ணப்பத்தில் பெயர் ஏறும். அங்கே 2010 முதல் ஃபிலிம் கிராஃப்ட் (ஒலி, எடிட்டிங் போன்ற நுட்பங்களுக்கு) என்று தனிப் பிரிவே உண்டு. ஆனால் விருதுக்குப் போகாத படங்கள்தானே அதிகம்?

எங்கள் ஸ்டுடியோவில் ஆள் எடுத்தபோது இரண்டு பேருடைய ஷோரீலிலும் (செய்த வேலைகளின் தொகுப்பு) ஒரே படம் இருந்தது. இதில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று முதல் ஆளிடம் கேட்டோம். பதறாமல், “நாலாவது விநாடியில இசை நிக்கும். அங்க ஃபிரிட்ஜோட ரீங்காரத்தை ரொம்ப லேசா வச்சேன். அது இல்லைன்னா போன்ல பாக்கறவங்க சவுண்டு போயிடுச்சுன்னு நினைச்சுடுவாங்க” என்றார். ஓட்டிப் பார்த்தோம், இருந்தது. வேலை அவருக்கு. இரண்டாவது ஆளை அந்தப் படம் பற்றி யாரும் கேட்கவே இல்லை. அவரும் அந்தப் படத்தில் குரலோ எஃபெக்டோ பதிவு செய்திருக்கலாம். அவர் பையை எடுத்துக்கொண்டு போனது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

உங்களில் யாராவது செஷன் ஃபைலிலேயே (மிக்ஸ் செய்யும் ஃபைல்) யார் என்ன செய்தார் என்று எழுதி வைக்கிறீர்களா? எப்படி எழுதுகிறீர்கள் என்று சொன்னால் நாங்களும் ஆரம்பிப்போம்.