கீஸ்பி நைட்ஸ்: 1998 பதிவா, 2006 பதிவா?

மதி கேட்டது:
ஸ்கா-பங்க் (ஜமைக்காவின் ஸ்கா தாளமும் பங்க் ராக்கும் கலந்த இசை) பக்கம் இப்போதுதான் வருகிறேன். கேட்ச் 22 குழுவின் 'கீஸ்பி நைட்ஸ்' ஆல்பத்தைத் தேடினால், அதே பெயரில், அதே பாடல்களோடு ஸ்ட்ரீட்லைட் மேனிஃபெஸ்டோ குழுவின் 2006 ஆல்பமும் வருகிறது. குரல்கூட ஒரே ஆள் மாதிரிதான் கேட்கிறது. எதை முதலில் கேட்கலாம்? 2006 பதிவைத் தொடவே வேண்டாம் என்று சிலர் கோபமாகச் சொல்கிறார்களே, ஏன்?

தேவகி:
ஒரே ஆள்தான், டோமாஸ் கல்னோக்கி. நியூ ஜெர்சியில் தொடங்கிய கேட்ச் 22-இல் பாடி, கிட்டார் வாசித்து, இந்தப் பாடல்களை எழுதியவர். 1998-இல் விக்டரி ரெக்கார்ட்ஸ் என்ற இசை நிறுவனம் ஆல்பத்தை வெளியிட்டது. கொஞ்ச காலத்திலேயே அவர் குழுவை விட்டு விலகிவிட்டார். அப்புறம் ஸ்ட்ரீட்லைட்டைத் தொடங்கி, 2003-இல் 'எவ்ரிதிங் கோஸ் நம்ப்' ஆல்பத்தைத் தந்தார்.

கோபத்துக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. அந்த ஆல்பத்தில் கிறங்கிப்போன நாங்கள் அடுத்து புதுப் பாட்டுக்குக் காத்திருந்தோம். வந்ததோ எட்டு வருடம் பழைய பாட்டு. விக்டரி பழைய பதிவையே மறுபடி வெளியிடத் திட்டமிட்டபோது, அதற்குப் பதிலாக முழுவதையும் புதிதாகவே பதிவு செய்துவிடலாம் என்று கல்னோக்கி முடிவெடுத்தார். புதுப் பாடல்கள் 2007-இல்தான் வந்தன. கேட்ச் 22 ரசிகர்களுக்கு வேறு வருத்தம்: அவர் இல்லாமல் அந்தக் குழு அப்போதும் வாசித்துக்கொண்டிருந்தது. பழைய ஆல்பத்தில் ஊதிய மற்றவர்களின் உழைப்பை அழித்து எழுதியதுபோல அவர்களுக்குப் பட்டது. அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும், எழுதியவர் தன் பாட்டை மறுபடி பாடுவதைத் துரோகம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

நீங்கள் 1998-ஐ முதலில் கேளுங்கள். ஸ்காவில் கிட்டார் தாளத்தின் இடைவெளியில் வெட்டி விழும். பங்க் வந்ததும் அதே கிட்டார் முழுச் சத்தத்தோடு பொங்கும். இந்த இரண்டுக்கும் நடுவே தாவும் இடங்களில் 1998 பதிவு கொஞ்சம் தடுமாறும். ட்ரம்பெட்டும் ட்ரோம்போனும் மூச்சு வாங்க ஓடி வந்து சேரும். எனக்கு அது குறையாகவே தெரியவில்லை. 'ஆஸ் த ஃபுட்ஸ்டெப்ஸ் டை அவுட் ஃபாரெவர்' கேட்டால் புரியும். இன்னும் சில வாரங்களே உயிரோடு இருக்கப்போகும் ஒரு தாயைப் பற்றிய பாட்டு அது, துள்ளல் தாளத்தில் வருகிறது. நேரம் தீர்ந்துகொண்டிருக்கும்போது ஒருவர் எப்படிப் பேசுவாரோ, அப்படியே அவசரமாகப் பாடியிருக்கிறார். 2006-இல் குரல் பழுத்துவிட்டது, அந்தப் பதற்றம் இல்லை.

அருள்:
தேவகி அக்கா, இதில் நான் உடன்பட மாட்டேன். 2006-இல் பாரிட்டோன் சாக்ஸ் (கனத்த, தாழ்ந்த தொனியில் ஒலிக்கும் சாக்சபோன்) அடியில் தாங்குவதால், ஊதுகருவிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழுகின்றன. 1998-இல் பாதி இடங்களில் எல்லாம் ஒன்றாகக் கலங்கிக் கிடக்கும். புதிதாகக் கேட்பவருக்கு இந்தப் பாடல்கள் எவ்வளவு நுணுக்கமாகக் கட்டப்பட்டவை என்று தெரிய வேண்டாமா?

தேவகி:
'ரைடிங் த ஃபோர்த் வேவ்' விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அருள். அதில் பாட்டே கிடையாது, வாத்தியங்கள் மட்டும்தான். அங்கே 2006-தான் மேல். மற்றவற்றில் எனக்கு அந்தக் கலங்கலே வேண்டும். ஐந்தாறு பேர் ஒரே அறையில் ஒருவரை ஒருவர் முந்தப் பார்க்கிற சத்தம் அது.

மதி:
நன்றி. 'டியர் செர்ஜியோ'வை இரண்டிலும் கேட்டேன். 1998-தான் பிடித்தது, ஆனால் சாக்ஸ் எங்கே வருகிறது என்று 2006 கேட்ட பிறகுதான் பிடிபட்டது.

அருள்:
அந்தப் பாட்டுக்கு மூன்றாவது வடிவமும் உண்டு. கல்னோக்கி இடையில் நடத்திய 'பேண்டிட்ஸ் ஆஃப் த அக்கூஸ்டிக் ரெவல்யூஷன்' குழு 2001-இல் வெளியிட்ட சிறு தட்டில் இருக்கிறது. அதையும் கேட்டுவிட்டு வாருங்கள்.