புதுப்பிப்பு: புற ஊதா விளக்கால் வந்த வாடை போய்விட்டது

சிங்கப்பூர் தோ பாயோ வீட்டில் அம்மாவின் அறைக்கு வாங்கிய கிருமிநாசினி விளக்கை அணைத்த பிறகும் காரமான வாடை நிற்கிறதே என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

"அது ஓசோன், குழாயைப் பாருங்கள்" என்றவர் சொன்னதுதான் சரி. என் குழாய் 185 நானோமீட்டர் கதிரையும் வெளியிடும் வகை. அந்தக் கதிர்தான் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஓசோன் என்ற காரமான வாடையுள்ள வாயுவாக மாற்றுகிறது. ஓசோன் உண்டாக்காத 254 நானோமீட்டர் குழாய்க்கு மாற்றினேன், வாடையே இல்லை. ஆனால் எந்தக் குழாயானாலும் அறையில் ஆள் இருக்கக்கூடாது. கண்ணும் தோலும் பாதிக்கப்படும். அம்மாவைக் கூடத்தில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திய பிறகே வெளியிலிருந்து விளக்கைப் போடுகிறேன்.

எதிர்பாராதது ஒன்று: பிளாஸ்டிக் மருந்துப் பெட்டி மஞ்சளாகிவிட்டது. அப்புறம், நிழல் விழும் இடத்தில் கதிர் வேலை செய்யாது. கட்டில் கம்பியின் அடிப்பக்கத்தை இன்னும் கையால்தான் துடைக்கிறேன்.