பேக்லாஷுக்குத் தமிழில் என்ன சொல்வது? வெள்ளிக்குள் வேண்டும்

செவ்வாய் இரவு, வியாசர்பாடி ஆசிரியை:

கலைச்சொல் குழுவில் உள்ள எல்லாருக்கும் வணக்கம்.

எங்கள் தெருக்கோடிக் கொட்டகையில் சனிக்கிழமைதோறும் 11 பிள்ளைகளுக்கு லேத்து (உலோகம் கடையும் இயந்திரம்) வேலை சொல்லித் தருகிறேன். 1:8 அளவு மாதிரிக் காருக்கு 3.5 சி.சி. எஞ்சின் ஒன்றை நாங்களே கடைந்து ஓட்டிப் பார்ப்பது என்று இறங்கியிருக்கிறோம். அதற்காக 24 பக்கத்தில் ஒரு கையேடு எழுதுகிறேன். வெள்ளி இரவு அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். பிசிறு, மரை, கடைசல், துளை என்று பாதிச் சொற்கள் கையிலேயே இருந்தன. பிஸ்டன், சிலிண்டர், சக்கு (லேத்தில் தண்டைப் பிடித்துச் சுற்றும் பிடி) ஆகியவற்றை இருக்கிறபடியே வைத்துக்கொண்டேன். பேக்லாஷில் வந்து நிற்கிறேன்: கைப்பிடியைத் திசை மாற்றித் திருப்பும்போது, வெட்டும் டூல் நகராமல் சும்மா கழியும் திருப்பம்.

போன வாரம் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி பிஸ்டன் கடைந்தாள். சிலிக்கான் கலந்த அலுமினியத் தண்டு. எங்கள் சிலிண்டர் பித்தளை, உள்ளே குரோம் பூச்சு, மேலே போகப் போகக் கொஞ்சம் குறுகும். ஆறியிருக்கும்போது பிஸ்டன் மேல்முனையில் பிடிக்க வேண்டும். எஞ்சின் சூடானதும் பித்தளை கூடுதலாக விரிந்து வழி விடும். அதனால் பிஸ்டனை 16.20 மி.மீ. விட்டத்தில் நிறுத்திவிட்டு, மீதியைத் தேய்த்துத் தேய்த்துத்தான் பொருத்த வேண்டும். இவள் டூலை முன்னே தள்ளும் கைப்பிடியை, அதன் அளவுக் கோட்டில் இரண்டு கோடு கூடத் திருப்பிவிட்டாள். எங்கள் லேத்தில் ஒரு கோடு 0.02 மி.மீ. உடனே சுதாரித்து இரண்டு கோடு பின்னால் திருப்பினாள். கோடு சரியான இடத்துக்கு வந்தது. கடைந்தாள். அளந்தால் 16.12.

கைப்பிடி பின்னால் வந்தது, டூல் வரவில்லை. திருகுக்கும் நட்டுக்கும் நடுவே தேய்மானம். கால் மில்லிமீட்டர் அளவுக்குக் கைப்பிடி சும்மா திரும்பும். டூல் 0.04 கூடுதலாகப் புகுந்தால் விட்டத்தில் 0.08 போய்விடும். ‘நான் சரியாத்தான் மிஸ் திருப்பினேன்’ என்று அழுதாள். அவள் சொன்னது உண்மை. அதற்கு ஒரு பெயர் இருந்திருந்தால் முதல் நாளே சொல்லி எச்சரித்திருப்பேன்.

கணினி மொழிபெயர்ப்பு ‘பின்னடைவு’ என்கிறது. வகுப்பில் சொன்னேன், ‘எந்தத் தொகுதியில் மிஸ்?’ என்று கேட்டார்கள். உதவுங்கள்.

புதன் காலை, ராயபுரம், ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

அம்மா, பின்னடைவு கூடவே கூடாது. பின்னடைதல் என்றால் பின்தங்குதல். இங்கே எதுவும் பின்தங்கவில்லை; ஓர் அசைவு பயனின்றிக் கழிகிறது. பயனில்லாததை வெறுமை என்போம். வெறுமை + அசைவு, வெற்றசைவு. ஈறு கெட்டுத் தன்னொற்று இரட்டியது, நன்னூல் 136. வெற்றிடம், வெற்றுரை எல்லாம் இந்த வழியில் வந்தவை. வெற்றிலையும் அப்படித்தான், பூவுக்கோ காய்க்கோ அல்லாமல் வெறும் இலைக்காகவே வளர்க்கப்படுவதால் அந்தப் பெயர் என்று என் ஆசிரியர் பாடம் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் மரை என்று எழுதியதைப் பார்த்து மகிழ்ந்தேன். மரை ஒரு மான் வகை. முறுக்கிய கொம்பைப் பார்த்துத்தான் திருகின் சுற்றுக்கும் மரை என்று பெயர் வைத்திருக்க வேண்டும். காட்டில் பார்த்ததைக் கம்மியன் இரும்பில் பார்த்திருக்கிறான். இதைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுத நினைத்திருக்கிறேன்.

புதன் மதியம், பெரம்பூர், ஓய்வுபெற்ற டர்னர்:

அம்மா, நான் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 34 வருஷம் டர்னர், லேத்தில் கடைகிறவன். எங்கள் ஷாப்பில் இதுக்குப் பெயர் பிளே. ‘பிளே எடு’ என்றால் கைப்பிடியை அரைச் சுற்று பின்னால் கொண்டுபோய், திரும்ப முன்னால் வந்து அளவில் நிறுத்து என்று அர்த்தம். எப்போதும் ஒரே பக்கத்திலிருந்துதான் அளவுக்கு வர வேண்டும். தாண்டிவிட்டால் தாண்டினதை மட்டும் திருப்பினால் போதாது, அந்தப் பெண் மாட்டினது அங்கேதான். டயல் கேஜை (நகர்வை முள்ளால் காட்டும் அளவி) டூல் அமர்ந்து நகரும் ஸ்லைடில் ஒட்டி வைத்துவிட்டுக் கைப்பிடியைப் பின்னால் திருப்பச் சொல்லுங்கள். எத்தனை கோடு போன பிறகு முள் அசைகிறதோ அத்தனைதான் உங்கள் லேத்தின் பிளே. அதைச் சாக்பீஸால் லேத்து மேலேயே எழுதி வையுங்கள்.

தமிழில்தான் வேண்டும் என்றால் ஆட்டம் என்று போடலாம். ஆட்டோ ஓட்டுகிறவரும் ‘ஸ்டீரிங்கில் ஆட்டம் இருக்கு’ என்றுதான் மெக்கானிக்கிடம் சொல்கிறார். எனக்கு வேலை பழக்கின மேஸ்திரி வேற மாதிரி சொல்வார்: ‘சும்மா சுத்துற சுத்தைக் கழிச்சுட்டு அப்புறமா கோட்டை எண்ணுடா.’

புதன் இரவு, திருவொற்றியூர் உறுப்பினர்:

வருத்தத்தோடு எழுதுகிறேன். லேத்து, டூல், பிளே, ஸ்லைடு. கலைச்சொல் ஆக்குவதற்கென்றே கூடிய குழுவிலேயே இப்படி எழுதினால் வேறு எங்கே போய்த் தமிழ் எழுதுவது? கடைசல் பொறி இருக்கிறது, வெட்டுளி இருக்கிறது. சேலத்தில் ராஜாஜி முதலியோர் கலைச்சொல்லுக்கென்று சங்கம் வைத்தது 1916-இல். நூறு ஆண்டு கடந்தும் பட்டறைச் சொல் பட்டறையிலேயே கிடக்கிறது என்றால் குறை மொழியிடம் இல்லை, பழக்கத்திடம் இருக்கிறது. மணிமேகலையில் மகத வினைஞரும் மராட்டக் கம்மரும் யவனத் தச்சரும் தண்டமிழ் வினைஞரோடு கூடி வேலை செய்கிறார்கள். அத்தனை பேர் நடுவிலும் நம் வினைஞன் தன் சொல்லோடுதான் நின்றிருப்பான். பேருந்து என்ற சொல்லையும் முதலில் யாரும் ஏற்கவில்லை. இன்று பேருந்து நிலையம் என்று சொல்லாதவர் உண்டா? வெற்றசைவுக்கு என் வாக்கு. கையேட்டில் ‘பேக்லாஷ்’ எங்குமே வரக் கூடாது. தமிழ்ச் சொல் ஷகர ஒற்றில் முடியாது.

புதன் இரவு, பெரம்பூர் டர்னர்:

ஐயா, உங்கள் திருவொற்றியூரிலேயே எந்தப் பட்டறைக்காவது போய் ‘கடைசல் பொறி எங்கே’ என்று கேளுங்கள். லேத்தில் வேலை செய்கிறவர் தலையைத் தூக்கிப் பார்க்க மாட்டார். அவரும் தமிழர்தான். ஒரு அங்குலத்தில் எட்டில் ஒரு பாகத்தை நூல் என்கிறார், ‘மரை போயிடுச்சு’ என்கிறார். தமிழைக் கைவிட்டவர் என்று அவரைச் சொல்லாதீர்கள்.

வியாழன் காலை, மணலி, சி.என்.சி. (கணினி இயக்கும் கடைசல் இயந்திரம்) புரோகிராமர்:

இரண்டு சேதி.

முதலில் ஆட்டம். நான் வேலை செய்யும் இடத்தில் மூன்று தனித்தனிக் கோளாறுக்கு அந்த ஒரே சொல்தான். சக்கில் பிடித்த தண்டு மையம் விலகிச் சுற்றினாலும் ஆட்டம். கடையும்போது டூல் அதிர்ந்து, பரப்பில் வரிவரியாக விழுந்தாலும் ஆட்டம். திருகில் பிளே இருந்தாலும் ஆட்டம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. புதுப் பையனிடம் ‘ஆட்டம் இருக்கு’ என்றால் அவன் சக்கை இறுக்கப் போவான். மூன்றையும் ஒரே பெயரில் கையேட்டில் போட்டால் அது பிள்ளைகளைக் குழப்பும்.

அடுத்தது எல்லாரும் மறந்துவிட்ட விஷயம். பல்சக்கரத்திலும் பேக்லாஷ் உண்டு. அங்கே அது கோளாறே இல்லை, வேண்டும் என்றே விடுவது. பல்லோடு பல் இடைவெளி இல்லாமல் அமர்ந்தால் சூட்டில் இறுகிப் போகும். மாதிரிக் கார் ஓட்டுகிறவர்கள் பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்துக்கும் பெரிய சக்கரத்துக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்து, இரண்டையும் நெருக்கி முடுக்கிவிட்டு, பிறகு காகிதத்தை உருவி எடுப்பார்கள். அந்தக் காகிதத்தின் கனம்தான் அங்கே பேக்லாஷ். வெறுமை, வெற்று என்று தொடங்கும் சொல் எல்லாம் அதைப் பயனற்றது என்று சொல்லிவிடுகிறது. ‘விடுவெளி’ என்றால் என்ன? நாம் விட்ட வெளி, தேய்ந்து விட்ட வெளி, இரண்டுக்கும் வரும்.

வியாழன் மதியம், தண்டையார்பேட்டை, பள்ளித் தமிழாசிரியை:

பேராசிரியர் ஐயா பொறுத்தருள வேண்டும். முறுக்கிய கொம்பு மரைக்கு உரியது அல்ல. குறுந்தொகையில் ‘திரிமருப்பு இரலை’ (முறுக்கிய கொம்புடைய இரலை) என்று வருவது இரலை, வேறொரு மான். அதே தொகையில் மரை வரும் ஓர் இடத்தில் குடிசை முற்றத்தில் நெல்லிக்காய் தின்றுகொண்டிருக்கிறது. அங்கே கொம்பைப் பற்றிப் பேச்சில்லை. கொம்புதான் காரணம் என்றால் திருகுக்கு இரலை என்றல்லவா பெயர் வந்திருக்க வேண்டும்?

ஆசிரியைக்கு ஒரு சொல் தருகிறேன், கேட்காமலே. மாதிரிக் கார் என்று எழுதியிருக்கிறீர்கள். ‘தச்சன் செய்த சிறுமா வையம்’ என்று குறுந்தொகை 61-இல் இருக்கிறது. சிறு குதிரை பூட்டிய பொம்மை வண்டி. ஏறிப் போய் இன்புற முடியாவிட்டாலும் கையால் இழுத்து இன்புறும் சிறுவர்களைப் பாடுகிறது. உங்கள் பிள்ளைகள் செய்வதும் அதுதானே? ‘சிறுவையம்’ என்று அட்டையிலாவது போடுங்கள்.

வியாழன் மாலை, ராயபுரம் பேராசிரியர்:

இரலை பற்றிய திருத்தம் சரி. ஆனால் மருப்பைப் பற்றிப் பேச்சில்லை என்பதாலேயே மரைக்கு முறுக்குக் கொம்பு இல்லை என்று ஆகாது. உரைகளை மறுபடி பார்த்துவிட்டு எழுதுகிறேன். சிறுவையம் அருமை. அது கிடக்க, புறநானூற்றில் அதியமானைப் பாடும்போது ஔவையார், நாளுக்கு எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு மாதம் முயன்று செய்த ஒரே ஒரு தேர்க்காலுக்கு, அதாவது சக்கரத்துக்கு, அவனை ஒப்பிடுகிறார். ஒரு பிஸ்டனுக்கு ஒரு மாதம் செலவானாலும் தகும் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லுங்கள்.

விடுவெளி பற்றி: ‘வெளி’ இடத்தைச் சொல்கிறது. அந்தப் பெண் கண்டது இடம் அல்ல, இயக்கம். கை திரும்பியது, உளி திரும்பவில்லை. சொல் அதைச் சொல்ல வேண்டும்.

வியாழன் இரவு, வியாசர்பாடி ஆசிரியை:

எல்லாருக்கும் நன்றி. மாலையில் அந்தப் பெண்ணும் அவள் தம்பியும் கொட்டகைக்கு வந்தார்கள். டர்னர் ஐயா சொன்னபடி டயல் கேஜை வைத்துக் கைப்பிடியைத் திருப்பச் சொன்னேன். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனாள். பன்னிரண்டாவது கோட்டில் முள் அசைந்தது. 0.24. அவளே சாக்பீஸில் லேத்து மேல் எழுதினாள். பிறகு சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். வெற்றசைவை இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னாள். விடுவெளி என்றதும் தம்பி ‘விடுகதையா?’ என்றான். மேஸ்திரி சொன்னதைச் சொன்னேன். ‘அப்ப இது வெறும் சுத்து மிஸ், பன்னெண்டு கோடு வெறும் சுத்து’ என்றாள்.

வெறுஞ்சுற்று. ‘வெறுஞ்சுற்றைக் கழித்துவிட்டு அளவு வை’ என்று வாக்கியத்தில் உட்காருகிறது. ‘உன் லேத்துக்கு வெறுஞ்சுற்று எத்தனை கோடு?’ என்று கேட்க முடிகிறது. கலைச்சொல்லை நான் இப்படித்தான் உரசிப் பார்ப்பேன். பெயராக மட்டும் நின்றுவிட்டு, வேலைக்கு வராத சொல்லை மாணவர்கள் தேர்வு எழுதிய மறுநாள் விட்டுவிடுகிறார்கள். பல வருடமாகப் பார்த்துவிட்டேன். பேராசிரியர் ஐயா, புணர்ச்சி சரியா?

வெள்ளி காலை, ராயபுரம் பேராசிரியர்:

சரி. வெறுமை + சுற்று; ஈறுபோதல், இனமிகல். கருமை + கல் கருங்கல் ஆனது போல. குறை சொல்ல இடமில்லை. வெற்றசைவு இதைவிடப் பரந்த சொல் என்பதில் எனக்கு இன்னும் ஐயமில்லை. அச்சுக்கு நேரமாகிறது, தடுக்க மாட்டேன்.

வெள்ளி காலை, திருவொற்றியூர் உறுப்பினர்:

வெறுஞ்சுற்று தமிழ்ச் சொல், ஏற்கிறேன். பக்கத்திலேயே பேக்லாஷ் என்று எழுதினால் எல்லாரும் அதைத்தான் படிப்பார்கள். எடுத்துவிடுங்கள்.

வெள்ளி மதியம், பெரம்பூர் டர்னர்:

ஐயா சொல்வதுபோல எடுக்காதீர்கள். இந்தப் பிள்ளைகள் நாளைக்கு வேலைக்குப் போகும் இடத்தில் யாரும் வெறுஞ்சுற்று என்று கேட்க மாட்டார்கள். பேக்லாஷ் எவ்வளவு என்று கேட்டால் அது இதுதான் என்று தெரிய வேண்டும். முதல் தடவை வரும் இடத்தில் இரண்டையும் போடுங்கள், அப்புறம் உங்கள் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். மேஸ்திரி சொன்னது புத்தகத்தில் வருவதில் எனக்கு சந்தோஷம்.

வெள்ளி இரவு, வியாசர்பாடி ஆசிரியை:

ஒன்பது மணிக்கு அச்சகத்தில் கொடுத்துவிட்டேன். ஏழாம் பக்கத்தில் ஒரே ஒரு முறை ‘பேக்லாஷ் எனப்படும் வெறுஞ்சுற்று’; மற்ற இடமெல்லாம் வெறுஞ்சுற்று. பல்சக்கரப் பக்கத்தில் சொல் எதுவும் வைக்காமல், காகிதத்தைக் கொடுத்து உருவுவதை அப்படியே எழுதிவிட்டேன். அட்டையில் சிறுவையம் போட்டிருக்கிறது. திருவொற்றியூர் ஐயா மன்னிக்க வேண்டும்.

வெள்ளி இரவு, மணலி புரோகிராமர்:

அம்மா, கையேடு நன்றாக வரட்டும். ஒன்றை மட்டும் குழுவின் பதிவில் வைக்கிறேன். பல்சக்கரத்துக்குச் சொல் வைக்காமல் விட்டது தீர்வு ஆகாது. ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவே இருப்பது முழுச் சுற்றும் இல்லை, வெறுமையும் இல்லை. திருகில் ஒன்று, சக்கரத்தில் ஒன்று என்று இரண்டு சொல் வைத்தால், இரண்டும் ஒரே இயல்பு என்பதை மாணவன் எங்கே கற்பான்? விடுவெளியை நான் விடுவதாக இல்லை.