அலாய் வீல் போட்டால் காப்பீட்டு நிறுவனத்துக்கு மனு எழுதணுமா?

ஸ்பானர் மணி
நேற்று வேறொரு இழையில் ஒரு பெரியவர் தீர்ப்பு எழுதியிருந்தார்: "வண்டியில் எதை மாற்றினாலும், அலாய் வீல் போட்டால்கூட, காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லியே ஆக வேண்டும். இல்லையென்றால் கிளெய்ம் அன்றைக்குக் கையைப் பிசைய வேண்டியதுதான்." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. என் வண்டிக்குக் கம்பெனி கொடுத்த டயர் அளவு 195/65 ஆர்15, இரும்புச் சக்கரத்தில். நான் போட்டிருப்பது 205/55 ஆர்16, அலாயோடு, அதாவது உலோகக் கலவைச் சக்கரத்தோடு. வெளிவிட்டம் முன்பு 634.5 மி.மீ., இப்போது 631.9. வித்தியாசம் 2.6 மில்லிமீட்டர். இரண்டுக்கும் சுமைக் குறியீடு 91தான், அதாவது டயருக்கு 615 கிலோ. இதில் என்ன ஆபத்து கூடிவிட்டது? சீட் கவர் மாற்றினால் சொல்லணுமா? வைப்பர் மாற்றினால்?

கிளெய்ம் மேசை
அந்தப் பெரியவர் நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம், கூச்சம் வேண்டாம். பல வருஷம் கிளெய்ம் பார்த்தவன் நான். வண்டி எப்படி இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், காப்பீடு கொடுப்பவருக்குத் தெரியாது. நீங்கள் சொன்னதை வைத்துத்தான் பிரீமியம். இங்கிலாந்தில் கார்ட்டர் – போம் வழக்கில் நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு 1766லேயே இதைச் சொல்லிவிட்டார். அலாய் போட்ட வண்டி மேல் திருடன் கண் படும். நீங்கள் விட்டத்தை அளக்கிறீர்கள், நாங்கள் திருட்டைப் பார்க்கிறோம்.

ஸ்பானர் மணி
நான் விட்டத்தைப் பற்றிக் கேட்டேன், நீங்கள் திருடனைக் கூட்டிக்கொண்டு வருகிறீர்கள். 2.6 மில்லிமீட்டர் சார். அதற்குப் பதில்?

மௌனவாசகி
ஒரு சின்ன விஷயம். அந்த 1766 வழக்கில் தோற்றது காப்பீடு கொடுத்த போம். பாலிசி எடுத்த கார்ட்டர் சுமத்ராவில் இருந்த ஒரு கோட்டையின் கவர்னர். அந்தக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். "கவர்னர் எல்லாவற்றையும் என்னிடம் சொல்லவில்லை" என்று போம் முறையிட்டார். "நீங்களே தெரிந்துவைத்திருக்க வேண்டியதுதானே" என்கிற மாதிரி தீர்ப்பு வந்து, பணம் கைமாறியது. கிளெய்ம் மேசை சார் கட்சிக்கு ரொம்ப உதவியான வழக்கு.

கிளெய்ம் மேசை
யார் ஜெயித்தார் என்பதா முக்கியம்? பாலிசி எடுப்பவர் மறைக்கக் கூடாது என்ற கொள்கை அந்தத் தீர்ப்பிலிருந்துதான் வந்தது. முழுதாகப் படியுங்கள் மேடம்.

ஸ்பானர் மணி
அடடா! தன் கட்சி தோற்ற வழக்கையே ஆதாரமாகக் காட்டுகிற வக்கீலை இப்போதுதான் பார்க்கிறேன். சரி, எனக்கு ஒரு சந்தேகம். புது டயரின் பள்ளம் சுமார் 8 மி.மீ. பல நாடுகளில் சட்டப்படி 1.6 வரை தேயலாம். அப்படியென்றால் தேய்ந்தே விட்டம் 12.8 மி.மீ. குறைகிறது. நான் குறைத்ததைப் போல ஐந்து மடங்கு! டயர் தேயத் தேய வாராவாரம் கடிதம் போடணுமா?

கியர்நான்கு
மணி அண்ணே, விட்டம் மட்டும் போதாது. உங்கள் அலாயின் ஆஃப்செட் என்ன, அதாவது வண்டியோடு பொருந்தும் முகம் ரிம்மின் நடுவிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது? 45லிருந்து 35 ஆகியிருந்தால், ரிம்மின் அகலம் அப்படியே இருந்தாலும் சக்கரம் 10 மி.மீ. வெளியே வந்துவிடும். பேரிங் மேல் சுமை மாறும், ஸ்டியரிங் இழுக்கும். அப்புறம், உங்கள் பாலிசியில் 'மாற்றம்' என்று எதைச் சொல்லியிருக்கிறார்கள்? பெரும்பாலும் தொழிற்சாலையில் பொருத்தாத எல்லாமே அதில் வரும். அந்தப் பக்கத்தை ஒரு தடவை படித்துச் சொன்னால் இந்த விவாதமே வேண்டாம்.

ஸ்பானர் மணி
ஆஃப்செட்டைப் பற்றி யார் கேட்டது? வேகமானியைப் பாருங்கள். 100 காட்டும்போது வண்டி ஓடுவது முன்பைவிட 0.4 சதவீதம் குறைவாக. வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பதுதான் ஐ.நா. விதிமுறை எண் 39. நான் பாதுகாப்பான பக்கம்தான் போயிருக்கிறேன். 2.6 மில்லிமீட்டர்!

டீசல் தம்பி
இதெல்லாம் ஒரு மாற்றமா அண்ணே? நான் இசியு ரீமேப் போட்டிருக்கிறேன், அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியின் மென்பொருளையே மாற்றிவிட்டேன். டர்போ பூஸ்ட் ஏற்றி, டார்க் (என்ஜினின் முறுக்கு விசை) சும்மா பிய்க்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. விபத்து ஏதாவது ஆனால் பழைய ஃபைலை ஏற்றிவிட்டால் கதை முடிந்தது.

கிளெய்ம் மேசை
தம்பி, இதைப் பொதுவில் எழுதியதற்கு நன்றி. எத்தனை தடவை மென்பொருள் எழுதப்பட்டது என்று சில கம்பெனிகளின் இசியு உள்ளேயே கணக்கு வைத்திருக்கும். பழையதை ஏற்றினால் அந்தக் கணக்கில் இன்னொன்று கூடும், அவ்வளவுதான். அதோடு, நொறுங்கிக் கிடக்கிற வண்டிக்குள் மடிக்கணினியோடு எப்படி நுழைவீர்கள்? அது நிற்பது சேதத்தை மதிப்பிட வரும் எங்கள் சர்வேயர் கண் முன்னால்.

டீசல் தம்பி
'எங்கள்' சர்வேயரா? ஓய்வு பெற்றுவிட்டேன் என்று போன மாதம் சொன்னீர்களே.

கிளெய்ம் மேசை
மனசு ஓய்வு பெறவில்லை. விஷயத்துக்கு வாருங்கள். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? அலாய் நசுங்கினால் பாலிசியில் இருக்கிற இரும்புச் சக்கரத்துக்கு உண்டான பணம்தான் வரும். சொல்லியிருந்தால் ஒப்புதல் குறிப்பு ஒன்று போட்டு, அதன் மதிப்பையும் சேர்த்திருப்பார்கள். சில சமயம் பிரீமியம்கூட ஏறாது. ஒரு மின்னஞ்சல் அனுப்ப ஏன் இத்தனை வீம்பு?

ஸ்பானர் மணி
வீம்பா? நேற்று 'சொல்லாவிட்டால் கையைப் பிசையணும்'. இன்றைக்கு 'இரும்புச் சக்கரத்துக்குப் பணம் வரும்'. வருமா வராதா, ஒன்றைச் சொல்லுங்கள்.

மௌனவாசகி
பிரிட்டனில் இதற்குத் தெளிவான சட்டமே இருக்கிறது. 2012ல் நிறைவேறி, 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தானாகப் போய் எல்லாவற்றையும் ஒப்பிக்கும் கடமை தனிநபர் பாலிசிக்கு இப்போது அங்கே இல்லை. கேட்ட கேள்விக்குக் கவனமாக, நேர்மையாகப் பதில் சொன்னால் போதும். அசட்டையால் தப்பாகச் சொல்லியிருந்து, சரியாகச் சொன்னால் பிரீமியம் மட்டும் கூடியிருக்கும் என்றால், அந்த விகிதத்தில் குறைத்துக் கொடுப்பார்கள். நூறு கட்ட வேண்டியவர் எண்பது கட்டியிருந்தால் இழப்பில் எண்பது சதவீதம். வேண்டுமென்றே பொய் சொன்னால் மொத்தமும் போகும். மணி சார், உங்கள் படிவத்தில் 'மாற்றங்கள் உண்டா' என்று கேட்டிருந்தார்களா? நீங்கள் என்ன டிக் அடித்தீர்கள்?

ஸ்பானர் மணி
பிரிட்டன் சட்டம் பிரிட்டனுக்கு. நான் கேட்டது 2.6 மில்லிமீட்டரைப் பற்றி.

மௌனவாசகி
டிக் அடித்ததைச் சொல்லவே இல்லையே.

கியர்நான்கு
ஆஃப்செட்டையும் சொல்லவில்லை.

ஸ்பானர் மணி
எல்லோரும் ஒன்று சேர்ந்துவிட்டீர்கள், சந்தோஷம். கியர்நான்கு மாற்றியிருக்கும் எல்இடி பல்ப் கதை எனக்குத் தெரியாதா? எச்4 ஹாலஜன் 60/55 வாட். அதற்கென்று வடித்த பிரதிபலிப்பானுக்குள் எல்இடியைத் திணித்தால் ஒளி கண்டபடி சிதறும், எதிரே வருகிறவன் கண் அவிந்துவிடும். அதை அறிவித்துவிட்டீர்களா? ஊருக்குத்தான் உபதேசம்.

கியர்நான்கு
என் பல்புக்கும் இந்த இழைக்கும் என்ன சம்பந்தம்? அதோடு என்னுடையது நல்ல தரமான பல்ப், கண்ணில் அடிக்காது.

ஸ்பானர் மணி
கண்ணில் அடிக்காது என்று பல்ப் உங்களிடம் சொன்னதா?

டீசல் தம்பி
அப்படியே அடித்தாலும் கவலை எதற்கு? எதிராளிக்கு நிறுவனம் எப்படியும் பணம் கொடுத்துத்தான் ஆகணும். மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம்தானே.

கிளெய்ம் மேசை
பல நாடுகளில் அவருக்குக் கொடுத்துவிட்டு, அதே தொகையை வண்டிக்காரரிடம் திரும்ப வசூலிக்கவும் நிறுவனத்துக்கு வழி உண்டு. கை கால் போன கேஸ் என்றால் எவ்வளவு வரும் என்று ரீமேப் போட்டவரிடம் கேளுங்கள், டார்க் பற்றி எழுதுகிறவர் இதையும் எழுதட்டும்.

டீசல் தம்பி
சும்மா பயமுறுத்தாதீர்கள் சார். என் நண்பர்கள் பத்துப் பேர் ரீமேப் போட்டிருக்கிறார்கள், ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மௌனவாசகி
பத்துப் பேரில் கிளெய்ம் போட்டவர்கள் எத்தனை பேர்?

டீசல் தம்பி
அவர்கள் நன்றாக ஓட்டுவார்கள் மேடம்.

ஸ்பானர் மணி
தம்பியை விடுங்கள். கிளெய்ம் மேசை சார் இதுவரை 2.6க்கு நேரடியாகப் பதில் சொல்லவில்லை, எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். என்ஜின் ஆயில் இழையிலும் இப்படித்தான். 5டபிள்யூ-30க்குப் பதில் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றலாம் என்று எழுதிவிட்டு, நான் கேள்வி கேட்டதும் ஆளே காணோம்.

கிளெய்ம் மேசை
பழைய என்ஜினுக்கு என்று சொன்னேன். அந்த வார்த்தையை வெட்டிவிட்டு மேற்கோள் காட்டியது நீங்கள்தான். அன்றைக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.

ஸ்பானர் மணி
போடுங்கள் பார்க்கலாம். தேதி தெரிகிற மாதிரி.

கியர்நான்கு
என் பல்பைப் பற்றி எழுதியதை முதலில் அழியுங்கள் அண்ணே.

ஸ்பானர் மணி
அழிக்க மாட்டேன். ஸ்கிரீன்ஷாட் எங்கே சார்?